38: சத்தம்

சென்னையிலிருந்து சுற்றறிக்கை.
நிறுவனத்துக்குள் தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த
ஆலோசனைகள் பத்து, வெள்ளிக்கிழமைக்குள்.
பணகுடி சைட்டுக்கு நான் பொறுப்பாம்.
எழுத உட்கார்ந்தால்
தாளைக் காற்று தூக்குகிறது.
ஆனி மாதம். ஜன்னல் கொண்டி சரியில்லை;
அதையும் மூன்று முறை தெரிவித்தாயிற்று.

பத்தெல்லாம் என்னிடம் இல்லை சார்.
முப்பத்தெட்டாம் காற்றாலை ஒன்று இருக்கிறது.

நைட் ஷிப்ட் முடியும்போது ஞானதிரவியம்
ரிஜிஸ்தரில் எழுதினான்:
"38: சத்தம்."
அவன் பேச்சே அவ்வளவுதான்.
தன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டபோதும்
"புதன். வடக்கன்குளம்" என்றான்.

அந்தப் பக்கத்தின்மேல் யாரோ
தூக்குச்சட்டியை வைத்துவிட்டார்கள்.
சொதி வட்டம் இன்னும் இருக்கிறது,
எட்டுக்குப் பாதி கழுத்து வெளியே தெரிய.

குரூப்பிலும் போட்டான்.
நூற்றுப் பதினாறு பேர்.
மேலே ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம்,
கீழே அக்கவுண்ட்ஸ் மேடத்தின் பிறந்தநாள் கேக்,
இரண்டுக்கும் நடுவில் முப்பத்தெட்டு
நறநறத்துக்கொண்டிருந்தது.
பதினோரு கட்டைவிரல்கள் வந்தன.
ஒன்று என்னுடையது.

அந்த விரலைப் பிறகு
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்த்துவிட்டேன் என்றா சொன்னேன் அதில்?
பார்க்கிறேன் என்றா?
வேறு யாராவது பார்ப்பார்கள் என்றா?

கேட்டில் தங்கபுஷ்பம். செக்யூரிட்டி.
காண்ட்ராக்ட் ஆட்களுக்கு குரூப் கிடையாது.
முப்பத்தெட்டுக்கு நேர் கீழேதான் அவள் நாற்காலி,
இரவு முழுக்க.

வியாழன் காலை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
காற்றுக்கு எதிரே அரை கிலோமீட்டர் நடந்து
கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றாள்.
"அது பல்லக் கடிக்குது சார்."
"சரிம்மா" என்றேன்.
போகவில்லை.
"சரின்னா என்ன சரி?
நிப்பாட்டப் போறியளா, இல்லியா?
யாரு போறா?"

பட்டனை அழுத்தினேன்.
இறக்கைகள் மனசில்லாமல் நாலு சுற்று சுற்றி
நின்றன.
மீரான் மேலே ஏறினான். எண்பது மீட்டர்.
இறங்கி வந்து உள்ளங்கையை விரித்தான்:
கருத்த எண்ணெயில்
மீன் செதில் மாதிரி இரும்புத் துகள்கள்.
"இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா..."
வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.
எங்களில் ஒவ்வொருவரும்
மனசுக்குள் முடித்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் குரூப்பில்
தங்கபுஷ்பத்துக்கு நன்றி எழுதினேன்.
நாற்பத்திரண்டு பேர் கைதட்டினார்கள்.
அவளுக்குத் தெரியாது.
அவள்தான் அதில் இல்லையே.
மறுநாள் நேரில் போய்ச் சொன்னேன்.
"அது கெடக்கட்டும், முப்பத்தெட்டு எப்ப ஓடும்?"
என்றாள். அந்தச் சத்தமில்லாமல்
அவளுக்குத் தூக்கம் வந்துவிடுகிறதாம்.

மற்ற சைட்டுகளில்
வாராந்திர மீட்டிங் என்று எழுதியிருப்பார்கள்.
புது ஆப் என்று எழுதியிருப்பார்கள்.
இருக்கட்டும். மீட்டிங்கில் வடையாவது உண்டு.

நாங்கள் செய்வது இது:
காலை ஆறு மணிக்கு இரண்டு ஷிப்டும்
கேட்டருகே நிற்கிறோம், முகத்துக்கு முகம்.
கணவாயிலிருந்து வரும் காற்று
சொன்னதில் பாதியைப் பிடுங்கி
ராதாபுரம் பக்கம் கொண்டுபோய்விடும்.
"பன்னெண்டு. எண்ணெ" என்று கத்துகிறான் ஞானதிரவியம்.
"எதுல?"
"பன்னெண்டுல எண்ணெ கசியுதுவே!"
அவன் வாழ்நாளிலேயே பெரிய வாக்கியம்.
"பன்னெண்டுல எண்ணெ கசியுது"
திரும்பச் சொல்கிறேன்.
நான் சொல்லி முடிக்கிறவரை
அவன் பைக்கை உதைப்பதில்லை.

கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே
தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்புகிறாள்:
"யாரு போறா?"