முந்நூற்று நாற்பது கிராம் தலைக்கனம்

பிராடனில், காப்பிக்கொட்டை வறுக்கும் கடைக்கு
அடுத்த கதவு.
சுவர் நிறைய ஹெல்மெட்டுகள்,
ஒன்றுக்குள்ளும் ஆள் இல்லை.

"பந்தயமா?" என்றாள் டாலியா.
"அலுவலகம்.
டிக்சனிலிருந்து பார்ட்டன்வரை, ஸ்கர்ட்டோடு.
வழியில் ஒரே ஒரு மேடு,
அதையும் இறங்கித் தள்ளுவேன்."

புருவத்துக்கு ஒரு விரல் மேலே
அளவுநாடாவைச் சுற்றினாள்.
ஐம்பத்தேழு சென்டிமீட்டர்.
ஐம்பத்திரண்டு வருடம் சுமந்த பிறகு
இன்றுதான் தெரிகிறது
எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறேன் என்று.

முதலாவதில் பதினெட்டுத் துளை, பின்னால் கூர்வால்.
அணிந்ததும்
அவசர வேலையாகப் போகும் குளவி ஆனேன்.
இரண்டாவது, பாதி முட்டையோடு.
ஸ்கேட்போர்டு மைதானத்தில் என் மகன் என்னைக் கண்டால்
வேறு ஊருக்குக் குடிபோய்விடுவான்.
மூன்றாவது வெல்வெட், முன்னால் சிறு தாழ்வாரம்.
குதிரையை எங்கே கட்டினீர்கள் என்பார்கள்.

நான்காவதை அவளாக எடுக்கவில்லை,
நான்தான் எட்டி எடுத்தேன்.
யூகலிப்டஸ் இலையின் அடிப்பக்கம்போல்
மினுங்காத சாம்பல் பச்சை.
பழுப்பு வார்ப்பட்டை.
காந்தக் கொக்கி, தாடைக்கடியில்
தானாகவே வந்து 'டிக்'.
கண்ணாடியில்
ஏதோ ஒரு சின்ன நாட்டின் தூதுவர் நின்றார்.
கான்பெராவில் அப்படி எத்தனையோ பேர்,
ஒருவர் கூடினால் யாருக்குத் தெரியும்?

"அழகு இருக்கட்டும், தலையை ஆட்டுங்கள்.
அது தனியாக ஆடினால் உங்களுடையது இல்லை."
ஆட்டினேன். ஆடவில்லை.
"கீழே விழுந்துவிட்டால்?"
"தூக்கி எறியுங்கள்.
மேலே ஒன்றும் தெரியாது,
விரிசல் உள்ளே இருக்கும்."
ஓர் உவமை நாக்குநுனிவரை வந்தது.
கடை மூடும் நேரம், விழுங்கிவிட்டேன்.

இருநூற்றுப் பத்தொன்பது டாலர்.

திங்கள்கிழமை லிஃப்டில் ஃபெர்கஸ்
"புதுசா?" என்றார்.
மேசைக்குப் போய்,
கணினி விழித்து,
மூன்று மின்னஞ்சல் படித்த பிறகே கழற்றினேன்.
சம்பளப் பிரிவு வின்சம் எட்டிப் பார்த்தாள்.
"ரொவீனா, செப்டம்பர் வருதே?" என்றாள்.
அவள் ஹெல்மெட்டில்
பன்னிரண்டு பிளாஸ்டிக் கட்டுவார்கள்
ஈட்டிகளாக நின்றன.
முள்ளம்பன்றி என்று
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

செப்டம்பர் நான்காம் தேதி,
ஓடைக்கரைத் திருப்பம்.
பின்னாலிருந்து ஒரு நிழல்,
இறக்கையின் காற்று,
உச்சியில் 'டொக்'.
மேக்பை.
மேலே கூட்டில் குஞ்சுகள்.
அந்தத் தகப்பனின் கணக்கில்
தூதுவரும் ஒன்று, தபால்காரரும் ஒன்று.
சைக்கிளும் நானும் புல்லில் சாய்ந்தோம்.
மெதுவாகத்தான், ஆனால் முழுதாக.

கழற்றிப் பார்த்தேன்.
எள்ளளவு கீறல், இடது நெற்றிப் பக்கம்.
தலைக்கு வந்தது
பச்சைச் சாயத்தோடு போயிற்று.
அதற்காகத்தான் அது இருக்கிறது
என்பது மூளைக்குத் தெரியும்.
மூளைக்கு வெளியே இருந்த மற்றதெல்லாம்
கீறலைப் பார்த்து அழுதது.

டாலியாவுக்குப் போன் செய்தேன்.
"துளை போடாதீர்கள்!
இருக்கிற துளைகளில் கோத்துக்கட்டுங்கள்."
இருக்கிறது ஆறே துளை.
அழகுக்காகக் குறைத்தார்களாம்.

ஹார்டுவேர் கடையில் நாற்பது நிமிடம்.
வெள்ளை பளிச்சென்று இருக்கிறது.
கறுப்பு துக்கவீடு.
நியான் ஆரஞ்சு, சாலை போடுகிறவர்களுக்கு.
கீழ்த்தட்டில், தூசிக்குப் பின்னால்,
வார்ப்பட்டைக்குப் பொருந்தும் பழுப்பு.
நூறு கொண்ட கட்டு,
எனக்கு வேண்டியது ஆறு.
பணியாள் ஒன்றும் கேட்கவில்லை.
வசந்தத்தில் இங்கே யாரும் கேட்பதில்லை.

மறுநாள் அதே திருப்பம்.
நிழல் வந்தது.
ஆறு பழுப்பு ஈட்டிகளை
ஒரு பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்தது,
கண்ணாடி முன் நான் பார்த்ததைப் போலவே.

பிறகும் கொத்தியது.

ஆனாலும்
ஒரு நொடி தயங்கியது.