பத்தி பதினான்கு

மூல வழக்கு எண்ணை விடுங்கள்.
கோர்ட்டு அனுப்பிய ஆணையர் நான்.
உள்ளதை உள்ளபடி பார்த்து, அளந்து, எண்ணி
எழுதித் தர வேண்டும்.
கட்டணம் ஐயாயிரம். பஸ் செலவு தனி.

கிருஷ்ணகிரி டவுன், பழையபேட்டை,
சந்திரவிலாஸ் டாக்கீஸ்.
இதற்கு நான்கெல்லை:
வடக்கே அஜீஸ் சாயபு வாரிசுகளின் டயர் கடை.
கிழக்கே மாங்கூழ் லாரிகள் திரும்பும் சந்து.
தெற்கே சாக்கடை.
மேற்கே, நாலு மணிக்கு மேல்
சையத் பாஷா மலையின் நிழல் வந்து நிற்கும் இடம்
என்று எழுதிவிட்டு
அடித்து, 'முனிசிபல் ரோடு' என்று திருத்தினேன்.

வாதி வரதராஜுலு, மூத்தவர்.
பிரதிவாதி சம்பங்கி.
ஆளுக்கொரு டேப் கொண்டுவந்தார்கள்.
ஒரே சுவர்தான்.
இரண்டு அங்குலம் ஒத்துவரவில்லை.

லைசென்ஸ்படி இருக்கை அறுநூற்றுப் பன்னிரண்டு.
என் எண்ணிக்கையில் அறுநூற்று ஐம்பத்தைந்து.
ஆட்டத்துக்கு நாற்பத்து மூன்று பேர்
வரி ஆபீசர் கண்ணில் படாமல்
அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கூட்டுப் பத்திரம் ஐம்பத்தெட்டாம் வருஷத்தது.
நயா பைசா வந்த பிறகும்
பங்கு அணாவில்தான் பேசியது.
ஒன்பது அணா திம்மராய நாயுடு.
ஆறு அணா அஜீஸ் சாயபு.
ஓரணா சாமிக்கு.
சாமியின் ஓரணா யார் பையில் போனது என்பது
இந்த வழக்கில் எழுவினா அல்ல.

ஆறு அணா முறிந்தது ஒரு தீபாவளி இரவில்,
கரண்ட் போய்
ஜெனரேட்டர் வாடகை யார் தருவது என்ற பேச்சில்.
பங்குக்கு ஈடாக வடக்கே பத்தடி மண் வாங்கி
சுவரை ஒட்டிக் கடை போட்டார் சாயபு.
"அப்புறம் ஒரு படத்துக்கும்
எங்க தாத்தா டிக்கெட் எடுக்கல மேடம்,
எல்லாப் படமும் கேட்டாரு"
என்றான் பேரன்,
பஞ்சர் டியூபைத் தண்ணீரில் அழுத்தியபடி.

மெஷின் ரூமில் மெஷின் இல்லை.
நாலு போல்ட்டு ஓட்டை,
கார்பன் புகை ஏறிய கூரை,
புறாக்கள் (எண்ணவில்லை).
திரை, கிழிசல் நீங்கலாக, முப்பத்திரண்டடி.

பிறகு முன்பக்கம் வந்தேன்.
ஆண்கள் டிக்கெட் ஜன்னல்
தரையிலிருந்து நாலரை அடி.
பெண்கள் ஜன்னல் மூன்றடி.
டேப்பைச் சுருட்டி மறுபடி இழுத்தேன்.
மூன்றடிதான்.

குனிந்து உள்ளே போனால்
சுவரில் பதித்த ஒரு பலகை,
சில்லறைப் பை மாட்ட ஆணி,
சுண்ணாம்பில் பென்சிலால் ஐந்தைந்தாகக் கோடுகள்,
பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் கிழமைகள்.
வெள்ளிக்கிழமைகளில் கோடு போட இடம் போதாமல்
கதவு நிலை வரை ஏறியிருக்கிறது.

"அம்மா உட்கார்ந்த எடம்"
என்றார் சம்பங்கி.
வரதராஜுலு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்லங்கச் சான்று என் பையிலேயே இருந்தது.
பத்திரம் பதிவான அதே மாதம்
முனிரத்தினம்மாள்,
தாய்வீட்டுச் சீராக வந்த
காவேரிப்பட்டணம் மாந்தோப்பு மூன்று ஏக்கரை,
அறுபத்திரண்டு மரம், ஒரு கிணறு சகிதம்
விற்றிருக்கிறார்.
அந்த ரூபாய்
பதினாறு அணாவில் எந்த அணாவுக்குள் இருக்கிறதென்று
எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

காரணம் எழுத எனக்கு அதிகாரமில்லை.
அபிப்பிராயம் சொல்லவும்தான்.
ஆகவே பத்தி பதினான்கு இவ்வளவே:
'பெண்கள் டிக்கெட் ஜன்னல்
உட்கார்ந்தபடி விற்பதற்கான உயரத்தில் உள்ளது.
கட்டும்போதே அப்படிக் கட்டப்பட்டது.
பின்னால் இடித்து இறக்கியதல்ல.'

ஆட்சேபணை மனுக்கள் இரண்டு வந்தன,
இரண்டு வக்கீல்கள், இரண்டு டைப் சென்டர்.
உள்ளே ஒரே வாக்கியம்:
'பத்தி பதினான்கு வழக்குக்குச் சம்பந்தமற்றது,
நீக்க வேண்டும்.'
பதினொரு வருஷத்தில்
அண்ணன் தம்பி ஒத்துப்போனது இந்த ஒரு வரியில்.

மாங்காய் சீசன் முடியட்டும் என்று
இரு தரப்பும் கேட்டதால்
வாய்தா ஆகஸ்டுக்குப் போனது.

என் ஐயாயிரத்தில் மூவாயிரம் வந்தது.
மீதி யார் பங்கு என்று
பேசிக்கொண்டிருக்கிறார்கள்.