எலி என்று எழுதிக்கொண்டது

ஞாயிறு இரவு யாரும் இல்லாதபோது
தானாகவே எதையோ கற்றுக்கொண்டிருக்கிறது.
திங்கள் காலை ஆறே முக்காலுக்கு
ஜன்னலைத் திறந்து, தே ஓவை மேசையில் வைத்து,
கம்ப்யூட்டரைத் தட்டினால்
திரையின் மூலையில் ஒரு நல்ல செய்தி.
புதிய கருவி கண்டறியப்பட்டது.
பயன்படுத்தத் தயார்.

எனக்குத் தெரியாமல் யார் வந்து
எதை மாட்டிவிட்டுப் போனார்கள்?
வாசலில் ஈரத் தடம்கூட இல்லை.

அதற்குள் பன்னீரின் லாரி
திம்பாங்கில் ஏறிவிட்டது.
வலைக்கு மேலே செம்பனைக் குலைகள் முள்நீட்ட,
இரும்பு மேடை ஒருமுறை முனகி அடங்கியது.
சுவரில் சிவப்பு எண்கள் ஏறின.
அவை ஏற ஏற
திரையில் அம்புக்குறி துள்ளியது.
நான் தொடவில்லை, இரண்டு கையும் மடியில்.
அது போன மாதத்துக் கணக்கைத் திறந்து
பாதியை நீலமாக்கி
மூலைக்கு ஓடி ஒளிந்து மறுபடி வந்தது.
18,640 என்று எண் நின்றது.
பன்னீர் எஞ்சினை அணைத்துக் கீழே குதித்தார்.
18,560.
அம்பு வெடவெடத்து வேறு பக்கம் பாய்ந்தது.

சுங்கைப்பட்டாணி ஹஃபிஸுக்குப் போன் போட்டேன்.
ரீஸ்டார்ட் லா, காக், என்றான்.
பண்ணினேன், மூன்று தடவை.
கருவிகளின் பட்டியலைத் திற, என்றான்.
அம்பு மூச்சு வாங்கும் இடைவெளிகளில்
கீபோர்டைக் குத்திக் குத்தித் திறந்தேன்.
எடைமேடை இருந்த இடம் காலி.
கீழே, மவுஸ் என்ற வரிசையில் இரண்டு பெயர்.
ஒன்று என் கைக்கடியில் இருப்பது.
இன்னொன்று
அறுபது டன் தாங்கும் மேடை.

எலிக்காக இந்தத் தோட்டத்தில்
நாற்பத்தொரு ஆந்தைப் பெட்டி கம்பத்தில் நிற்கிறது.
மாதா மாதம் குஞ்சுகளை எண்ணி எழுதுவதும் நான்தான்.
இந்த எலியை எந்த ஆந்தைக்குக் காட்டுவது?

ஹஃபிஸ் விளக்கினான்.
கேபிள் வழியாக எண்கள் ஓயாமல் வருகிறதல்லவா,
கண் விழித்ததும் அதன் காதில் விழுவது அதுதான்.
இப்படி ஓயாமல் பேசுவது மவுஸ்தான் என்று
தானே முடிவு கட்டி, தானே டிரைவரைப் போட்டுக்கொள்ளும்.
பாவம், உதவி செய்யத்தான் பார்க்கிறது, காக்.

வெளியே ஆறு லாரி, ஹாரன் தொடங்கிவிட்டது.
கடைசியில் ஆ லியோங்கின் குட்டி லாரி,
அவன் பழம் நேற்றே பறித்தது, இன்னும் காத்தால் புளிக்கும்,
ஃபேக்டரி விலையில் கைவைக்கும்.
சுவரில் எண் தெளிவாகத்தான் நிற்கிறது.
ஆனால் போன வருஷத்திலிருந்து கைச்சீட்டு செல்லாது.
நான் பார்த்த எடை எடையில்லை,
கம்ப்யூட்டர் பார்த்தால்தான்.

பன்னீர் ஜன்னலில் முழங்கை ஊன்றி எட்டிப் பார்த்தார்.
சொன்னேன். பீடோங் டவுனுக்கே கேட்கும்படி சிரித்தார்.
“பரவால்ல தங்கச்சி,
தப்போ சரியோ ஏதோ ஒரு பேரு போட்டுக்கிச்சே.
நான் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில பொறந்தவன்.
அம்பத்து மூணு வயசு, இன்னும் செவப்பு ஐசி.
ஆபீஸ்ல எப்பத் தட்டிப் பாத்தாலும்
பதிவு இல்லைன்னுதான் வருது.”
பிறகு கையை உள்ளே நீட்டி
என் தே ஓவைக் குடித்து முடித்தார்.

கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினேன்.
அது முகம் கழுவி, சுற்றிப் பார்த்து,
யாருமில்லை என்று அசந்த நேரத்தில்
சத்தமில்லாமல் செருகினேன்.
எலி போய்விட்டது. மேடை திரும்பி வந்தது.
எட்டு இருபத்தேழுக்கு முதல் சீட்டு,
18,560.

கிழித்துக் கொடுக்கப் போனவள் நிறுத்தினேன்.
காலி லாரியை நிறுக்கும்போது இவர் உள்ளே இருப்பார்,
இப்போது வெளியே நிற்கிறார்.
எண்பது கிலோ காணாமல் போகும்.
“ஏறி உக்காருங்கண்ணே,” என்றேன்,
“உங்களையும் சேத்துத்தான் எடை.”

மாலை ஐந்துக்கு மூலையில் ஒரு பெட்டி முளைத்தது.
இன்றிரவு புதுப்பிக்கட்டுமா,
பிறகு நினைவூட்டட்டுமா?
வேண்டாம் என்று ஒரு பொத்தானைத் தேடினேன்.
பிறகு கேபிளைக் கழற்றிச் சுருட்டி
கைப்பையில் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தேன்.