இரண்டு பதினான்கு

மடிக்கணினியில் சிவப்புக் கோடு விழுந்து மூன்று வாரம்.
ஒரு படத்தைச் சேமிக்க
இன்னொரு படத்தைக் கொல்லவேண்டியிருந்தது.
சிம் லிம்மில் கேட்டேன். புது எஸ்எஸ்டி, கூலியோடு
இருநூற்று நாற்பது வெள்ளி.
வீட்டில் ஒன்று கிடக்கிறதே என்று
தொலைக்காட்சிக்குப் பின்னால் கை விட்டேன்.

கறுப்புப் பெட்டி. ஒரு டெராபைட்.
நன்மாறனுடையது.
"அதுல ஒண்ணுமில்ல, அழிச்சுக்கோ"
என்று வாய் நிறைய நுரையோடு சொல்லிவிட்டுப் படுத்தான்.
ஐந்தரைக்கு அவனுக்கு ஜூரோங் தீவுப் பேருந்து.

ஒன்றுமில்லாததில் ஒரு கோப்புறை இருந்தது.
பெயர் மேல்வீடு.
இருநூற்றுப் பன்னிரண்டு ஒலிப்பதிவுகள்,
ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, நிமிடம்.

முதலாவதைத் திறந்தேன்.
கோலிக்குண்டு.
தரையில் விழுந்து, எகிறி, எகிறி,
உருண்டு, சுவரோரம் ஓய்கிற கோலிக்குண்டு.
புளோக் வீடுகளில் எல்லாரும் கேட்டதுதான்.
மேல்வீட்டு மிஸ்டர் குவெக்குக்கு எழுபத்தாறு வயது,
செருப்பு மாட்டவே கதவைப் பிடித்துக்கொள்வார்,
அவரா நடுநிசியில் கோலி ஆடுகிறார்?
குழாய்க்குள் காற்று என்கிறார்கள்,
சுவருக்குள் கம்பி சுருங்குவது என்கிறார்கள்.
டவுன் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதப்போவதாக
ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.
எழுதவில்லை.

சிரித்துக்கொண்டே தாவினேன். ஏழு, நாற்பது, எண்பத்தேழு.
எண்பத்தேழில் கோலி விழவேயில்லை.
ஆறு நிமிடம் வெறும் அறை.
மின்விசிறி. அவன் மூச்சு.
அப்புறம், கொஞ்சம் தள்ளி, இன்னொரு மூச்சு,
நீளமாக, லேசான குறட்டையோடு.
அது நான்.

தேதியைப் பார்த்தேன்.
கம்பெனி அவனை அனுப்பிவிட்ட வருடம்.
"நல்லாத் தூங்குனியா?" என்று தினமும் கேட்டிருக்கிறேன்.
"ம்" என்று தினமும் சொல்லியிருக்கிறான்.

இருநூற்றுப் பன்னிரண்டும் சேர்ந்து இரண்டு ஜிபிகூட இல்லை.
என்னிடம் மிச்சமிருந்தது மூன்று. அதில் அடக்கினேன்.
பிறகு அவனுடையதைத் துடைத்து,
என்னுடையதை அப்படியே அதில் நகலெடுக்கச் சொன்னேன்.
இரண்டே முக்கால் மணி நேரம் என்றது கணினி.
பிறகு நான்கு என்றது. பிறகு ஒன்றரை.
அதற்கும் தெரியாது.

உட்கார்ந்திருந்தேன்.
புக்கிட் பாஞ்சாங்கின் கடைசி எல்ஆர்டி போய் வெகுநேரம்.
எதிர்ப் புளோக்கில் ஒரே ஒரு சமையலறை விளக்கு.
இரண்டு பதினான்குக்கு, சத்தியமாக,
தலைக்கு மேல் ஒரு கோலி விழுந்தது.
எகிறியது. எகிறியது. உருண்டது.
படுக்கையறையில் அவன் புரளவில்லை.

மூன்றரைக்கு நூறு விழுக்காடு.
பெட்டிக்குத் திருகாணி கிடையாது, விளிம்பெல்லாம் கவ்வல்.
கத்தி வழுக்கியது.
இழுப்பறையில் என் உயர்நிலைப்பள்ளிச் சலுகை அட்டை,
பதினான்கு வயது முகம், இரட்டைச் சடை.
அதைச் செருகி நெம்பினேன்.
மூன்றாவது கவ்வல் உடைந்தது.
என் நெற்றியில் ஒரு கீறல்.

மடிக்கணினியின் முதுகுக்குப் பத்துத் திருகாணி.
முட்டை அட்டையின் குழிகளில் போட்டுக்கொண்டே வந்தேன்.
பழைய டிஸ்க், அணைத்த பிறகும் சூடாக இருந்தது.
கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
அதைக் கறுப்புப் பெட்டிக்குள் படுக்கவைத்து
மூட மறுத்த வாயை
பீஹூன் கட்டி வந்த சிவப்பு ரப்பரால் கட்டினேன்.

பொத்தானை அமுக்கினால் பதினொரு வினாடி.
முன்பெல்லாம் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வருவேன்.
இது சத்தமே போடவில்லை.
காதை வைத்தும் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு எழுந்து வந்தவன்
மேசையைப் பார்த்தான், ரப்பரைப் பார்த்தான்.
"தூங்கலியா?"
"இடம் பத்தல."
சட்டைப் பொத்தானில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டான்,
"அதுல ஏதாச்சும் இருந்துச்சா?"

முட்டைக் குழியில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தது.
எடுத்துத் தரையில் போட்டேன்.
எகிறி, எகிறி, உருண்டு,
சோபாவுக்கு அடியில் எங்கோ ஓய்ந்தது.

அவன் மேலே பார்த்தான்.