புத்தருக்கு எதிரே நிற்கும் ஜீப்

மோல்மேனிலிருந்து முடோன் போகும் சாலையில்
படுத்திருக்கும் பெரிய புத்தருக்கு எதிரே
ஜீப் அணைந்துவிடும்.
அந்த வாரத்தில் அது ஐந்தாம் முறை.
வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து வந்தவர்கள்
கைகூப்பிக்கொண்டே இறங்கினார்கள்.
"வண்டிக்குப் பக்தி ஜாஸ்தி" என்றான்
ஸ்பேர் பையன் நைங்.
அரைமணி ஆறவிட்டால்
எதுவும் நடக்காததுபோல் கிளம்பும்.

மழை பெய்தால் வேறு சீக்கு.
நாலு பேர் தூக்கும் பாடையில்
ஒருவன் தோளை விட்டதுபோல்
ஏற்றத்தில் நொண்டும்.

ஆளுக்கொரு தீர்ப்பு.
பங்குக்காரர் சவரிமுத்து சொன்னார்,
"பொம்பள கிளட்ச் மிதிச்சா அப்படித்தான்."
அவர் சம்சாரத்துக்கு, போன வருஷம் ஏற்றிய பிணம்.
யாரோ கண்ணாடியில்
நாட்டுத் தேவதைக்கென்று தப்பியே இலை கட்டியிருந்தார்கள்.
நான் டோ தான் யீயின் பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன்.
பாட்டிலில் பிடித்து ஒரு பகல் வைத்தேன்.
அடியில் தண்ணீர் பிரியவில்லை.
போய்ச் சொல்லிவிட்டேன், உங்களைத்தான் நினைத்தேன் என்று.
வைதாள். பிறகு ஊறிய தேயிலை
ஒரு தட்டு வைத்தாள்.

கார்பரேட்டரை ஊதினேன்.
பாயிண்டைத் தேய்த்து
சிகரெட் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி வைத்தேன்.
ஒருமுறைக்கு ஒன்றுதான்.
இரண்டைச் சேர்த்து மாற்றினால் குணமாகலாம்,
எதனால் என்று தெரியாது.
தெரியாத குணம் கைமாற்றுக் கடன்,
நடுவழியில் திருப்பிக் கேட்கும்.

தூறலில், ஓடும் எஞ்சினில்,
உலர்ந்த துணி சுற்றி
ஒயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
அதுதான் அது வெடிக்கும் வரிசை.
ஒன்றில் சத்தம் தள்ளாடியது.
மூன்றில்
ஒன்றுமே ஆகவில்லை.
செத்தவனைத் தட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்.
நான்கு தள்ளாடியது. இரண்டில் நின்றே போகப் பார்த்தது.
மூன்றின் பிளக்கை இரண்டுக்கு மாற்றினேன்.
ஊமை மூன்றிலேயே இருந்தது.

அன்றிரவு ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
ஈரம் இன்னும் காயவில்லை.
நைங் டார்ச்சை நெருக்கிப் பிடித்தான்.
அணை என்றேன்.
இருட்டில்தான் எப்படிப் பார்ப்பதாம் என்றான்.
அணைடா.

மூன்றாவது ஒயர் எஞ்சின் தலையை உரசும் இடத்தில்
நூலளவு நீலம்.
துடித்தது, நின்றது, துடித்தது.
பிளக்குக்குப் போகவேண்டிய நெருப்பு
டிக்கெட் எடுக்காதவன்போல்
முன்ஸ்டாப்பிலேயே குதித்துக்கொண்டிருந்தது.
எத்தனை பகல் இதன்மேல்
வெளிச்சத்தோடு குனிந்திருப்பேன்.

ஒயர் மாற்றியதும் நொண்டல் போனது.
மறுநாள் புத்தருக்கு எதிரே
ஜீப் மறுபடி அணைந்தது.
சவரிமுத்து அன்றைக்குப் பார்த்து ஏறியிருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

காயில்மேல் கை வைத்தேன்.
வைக்க முடியவில்லை.
பின்சீட்டுக்காரியின் தண்ணீரை வாங்கி
துண்டை நனைத்துச் சுற்றினேன்,
வேறெதையும் தொடவில்லை.
இருநூறு எண்ணி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டது.

புதுக் காயிலுக்கு ஆளுக்குப் பாதி என்றேன்.
"ஈரத்துணியோடவே ஓடுதே" என்றார்.

இப்போது அங்கே வண்டி நிற்பதில்லை.
நான் நிறுத்துகிறேன், துண்டை நனைக்க.
பயணிகள் முன்போலவே கைகூப்பி இறங்குகிறார்கள்.
தப்பியே இலையை நான் அவிழ்க்கவில்லை.
என் பாதியை எண்ணி
டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன்,
அவர் கண்ணில் படும்படி.