பத்துச் சொல்

பொகவந்தலாவை மழையில் ஓரம் ஊறிய கொப்பி.
நாளைக்குள் பத்துச் சொல்லுக்கு அர்த்தம் வேண்டும்.

'லைன்' என்றால் கோடு.
டீச்சர் அடிமட்டம் வைத்துப் பலகையில் இழுத்தும் காட்டினார்.
நான் வீடு என்று எழுதியிருந்தேன்.
பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை,
எங்களுடையது ஏழாவது.
எட்டிப் பார்த்தால்
பக்கத்துக் கொப்பியிலும் வீடுதான்.

'லீஃப்' இலை, 'லீவ்' விடுமுறை.
எங்கள் வாயில் இரண்டும் ஒன்றாகவே வரும்.
மாசி வெயிலில்
ஒன்று குறைய மற்றது கூடும்.

'நேம்' சுலபம். பெயர்.
அதற்குக் கீழே 'ஹாஃப்'. பாதி.

இதை எழுதும்போதுதான் அம்மா
இஸ்தோப்பில் நின்று ஈரப் படங்கை அவிழ்த்தாள்.
"இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க.
ரெண்டு கிலோ கொறவாம்."

அம்மாவின் பெயர் புஷ்பராணி.
தம்பி டிலுக்‌ஷன் விரல்விட்டுக் கேட்டான்:
"எந்தப் பாதிம்மா? புஷ்பமா, ராணியா?"

சாயத்தில் ரொட்டியை நனைத்தவள்
அப்படியே நின்றாள்.
பிறகு புரையேறுமளவு சிரித்தாள்.
"ராணியத்தான் வெட்டியிருப்பாங்க.
புஷ்பம் நாளைக்கும் மலைக்குப் போகணுமே."

ரொட்டி சாயத்துக்குள் விழுந்துவிட்டது.
கரண்டியால் எடுத்துத் தின்றாள்.

பத்தாவது சொல் 'மைன்'.
என்னுடையது.
இதற்கு மட்டும் வாக்கியமும் அமைக்க வேண்டுமாம்.

காம்பராவைச் சுற்றிப் பார்த்தேன்.
கூரை தோட்டத்துடையது.
வாசல் மண்ணும் அப்படித்தான்.
மேசை பெரியம்மா திருப்பிக் கேட்கிறாள்.

அழிறப்பர் என்னுடையது, என்று எழுதினேன்.

அதிலும் ஒரு பாதியை
தம்பி கடித்து வைத்திருக்கிறான்.