தரைக் கணக்கு

செவ்வாய்பேட்டைச் சந்துக்குள் பதினொரு வருடம்
வாடகைக்கு இருந்த பட்டறையைக் காலி செய்கிறோம்.
நொடித்துப்போய் அல்ல.
சிவதாபுரத்தில் பெரிய இடம், மும்முனைக் கரண்ட்,
கம்பி இழுக்கப் புது மெஷின்.

ரோலர் போயிற்று. காஸ் சிலிண்டர்கள் டெம்போவில் ஏறின.
அச்சுப் பலகை, வெங்காரப் புட்டி, நாலு மணைக்கட்டை.
கடைசியில் மாதேசு கடப்பாரையோடு வந்தான்.

"அது எதுக்கு?"
வீட்டுக்காரர் வஜ்ஜிரவேல் வாசற்படியில் நின்றார்.
"தரையைப் பேத்து எடுத்துக்கறோம்ங்க.
புதுசா சிமெண்டு போட்டுத் தந்துடறோம்."
"தரை என்னுதாச்சே."
"தரை உங்களுதுதானுங்க. அதுல இருக்கறது எங்களுது."

ஒரு கிலோ வெள்ளி உள்ளே வந்தால்
ஒரு கிலோ கொலுசு வெளியே போகாது.
வளையம் நறுக்கும்போது தெறிக்கும்.
பொடி வைத்து ஊதுகிறவள் நான்;
இருமினால் பறக்கும், தும்மினால் கேட்கவே வேண்டாம்.
அராவ விழுவதைத் தட்டு பிடிக்கும்,
தட்டு விட்டதைத் துடைப்பம்,
துடைப்பம் விட்டதைத் தரை.
தரையும் விட்டது
டீக் கொண்டுவரும் பையன் செருப்பில் ஒட்டி
லீ பஜார் வரை நடந்து போயிருக்கும்.
அதை யாரிடம் கேட்பது.

கடைக்காரரிடம் இதற்கெல்லாம் ஒரே சொல், சேதாரம்.
அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் போனது
சனிக்கிழமைக் கூலியில் வரும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, பங்குனி வெயிலில்,
பதினாறு கிராம் குறைந்தது.
சலங்கை முத்து கோக்கிற நவமணி அக்காவும் நானும்தான்
அன்று கடைசியாக எழுந்தவர்கள்.
முந்தானையை உதறிக் காட்டினேன்.
கொண்டையை அவிழ்த்து உதறினேன்.
பள்ளிக்கூடம் விட்டு அங்கேயே படுத்திருந்த
தன் பையனை எழுப்பி
அவன் டவுசர் பைகளை வெளியே இழுத்துக் காட்டினாள் அக்கா,
யாரும் கேட்காமலே.
ஒரு பையில் புளியங்கொட்டை. ஒன்றில் ஒன்றுமில்லை.

ஆறு வாரம் பிடித்தார்கள், ஆளுக்குப் பாதி.
ஏழாவது வாரம் அவள் வரவில்லை.

இன்றைக்குச் சிமெண்டு பெயர்ந்தது.
நான் உட்கார்ந்த இடத்தில் குதிகால் தேய்த்து ஒரு குழி,
அதன் அடியில் மண் கறுத்திருந்தது.
"அக்கா, உங்க குழிதான் கனம்" என்றான் மாதேசு
சட்டியைத் தூக்கிக்கொண்டே.
அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா தெரியவில்லை.

மண் கழுவுகிற அர்த்தனாரி மூன்று மூட்டை கட்டிப் போனார்.
அலசி, அரித்து, உருக்கி
மூன்றாம் நாள் கொண்டுவந்தார்:
அடி தட்டையான ஒரு எலுமிச்சை,
அறுநூற்று எண்பது கிராம்.
வஜ்ஜிரவேலுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பேச்சு.
அவரே தராசைத் துடைத்தார், அவரே முள்ளைப் பார்த்தார்.

"பங்கு போடறதுக்கு முன்னாடி
அதுல பதினாறு கிராமைத் தனியா வைங்க" என்றேன்.

"எந்தப் பதினாறு?"
முதலாளி செங்கோடன் உண்மையாகவே யோசித்தார்.
பொய்யாக யோசித்திருந்தால்
எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உளி வைத்து வெட்டியதில் பதினெட்டு வந்தது.
அரத்தால் தேய்த்துச் சரிசெய்யப் போனார்கள்.
தேய்த்தால் அதுவும் தரைக்குத்தான் போகும்,
விடுங்கள் என்று வஜ்ஜிரவேல்தான் சொன்னார்.

அக்கா இப்போது பனங்காட்டில் யாரிடமோ வேலை.
நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தேன், மாறவில்லை.
"கெடச்சுதா?" என்றாள்.
எது என்று கேட்கவில்லை.

அந்தப் பக்கம் ஊதுகுழல் இரைச்சல்,
அதற்கு மேல் ஒரு கட்டைக் குரல்,
"யாரும்மா போன்ல?"